நாமே எழுதி, நாமே போட்டு, நாமே விற்று

கல்யாண வீடு, காதுகுத்து, ஆபீஸ் கேன்டீன், எங்கே போனாலும் "நீங்க நாவல் எழுதறீங்களாமே" என்று ஆரம்பிப்பவர்களின் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "அதுல காசு வருமா?" வரும் என்றால் எவ்வளவு என்பார்கள், வராது என்றால் அப்புறம் எதுக்கு என்பார்கள், அதனால் இப்போதெல்லாம் "போன் பில்லுக்கும் ஸ்கூட்டி பெட்ரோலுக்கும் ஆகுதுங்க, நல்ல மாசம்னா ஒரு புடவை" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். உண்மையும் அதுதான். என்னைவிட நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதுகிற பெண்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. போட்ட முதல் திரும்பாமல் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகப் புத்தகத்தை அடுக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. நான் நடுவில் எங்கேயோ இருக்கிறேன்.

யாரும் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். பதிப்பாளர் என்று ஒருவர் இல்லாமல் நாமே கதையை வெளியிடும்போது, அது விற்கிற இடம் ஒவ்வொன்றும் கதைக்குள்ளேயே கை வைக்கிறது. இணையத்தில் தொடராகப் போட்டால் ஒரு மாதிரி நாவல் வருகிறது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்குப் போனால் அது வேறு மாதிரி ஊதுகிறது. காகிதத்துக்கு வந்தால் இளைக்கிறது. எழுதுகிறவள் நான் ஒருத்திதான், கதையும் ஒன்றுதான்.

முதலில் தொடர். என்னைப் போன்ற குடும்ப நாவல்காரிகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கினோம், வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயம் போடுவோம். அதற்கு எங்கள் வட்டாரத்தில் யூடி என்று பெயர், அப்டேட் என்பதன் சுருக்கம். சனிக்கிழமை போட வேண்டியது ஞாயிறு மதியம் ஆகிவிட்டால் "யூடி எப்போ சிஸ்?" என்று வரிசையாக வந்து நிற்பார்கள். அதில் இருக்கிற சுகத்தை மறைக்க மாட்டேன். சமையல் முடித்து, டிபன் டப்பா கழுவி வைத்து, பத்தரை மணிக்குப் போட்ட அத்தியாயத்தைப் பதினோரு மணிக்குள் யாரோ ஒருவர் படித்துவிட்டு "அந்த அத்தையை நேர்ல பார்த்தா நாலு கேள்வி கேப்பேன்" என்று எழுதும்போது வருகிற சந்தோஷம், பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று.

விலை என்னவென்றால், ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு முடிச்சில் நிற்க வேண்டும். கதவு தட்டப்பட வேண்டும், போன் அடிக்க வேண்டும், யாராவது மயங்கி விழ வேண்டும். அமைதியாக முடிகிற அத்தியாயத்துக்குக் கருத்தே வராது. இரண்டு அத்தியாயம் அப்படிப் போனால் ஆட்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். இதில் புதுசாக ஒன்றும் இல்லை, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளும் இதே வித்தையில்தான் ஓடின. ஆனால் அங்கே நடுவில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். இங்கே வாசகியும் நானும் மட்டும், நடுவில் ஆள் இல்லை.

சென்னிமலைத் தறிக்காரக் குடும்பம் ஒன்றை வைத்து ஒரு நாவல் எழுதினேன். பெட்ஷீட் நெய்கிற வீடு, பாகப்பிரிவினை, அதற்குள் ஒரு கல்யாணம். அதில் மாணிக்கம் சித்தப்பா என்று ஒரு சில்லறைப் பாத்திரம். கடன் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன், பாதியில் இறந்துவிடுவார், அவர் போன பிறகுதான் அந்த வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் வெளியே வரும், கதையே அங்கேதான் திரும்புகிறது. எப்படியோ வாசகிகளுக்கு மோப்பம் பிடித்துவிட்டது. "சிஸ், சித்தப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இந்தக் கதையே படிக்க மாட்டேன்" என்று ஒருவர், "அக்கா, எங்க சித்தப்பா மாதிரியே இருக்காரு, ப்ளீஸ்" என்று இன்னொருவர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு வாரம் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு யோசித்தேன். கடைசியில் கொன்றுவிட்டேன். அந்த வாரம் எனக்கு வந்த கருத்துகளை என் அம்மா படித்திருந்தால் எழுதுவதையே நிறுத்தச் சொல்லியிருப்பார். கொஞ்சம் பேர் நிஜமாகவே போய்விட்டார்கள்.

அடுத்தது கிண்டில். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் மின்னூல்களைக் கொண்டுவந்த பிறகு, கையில் ஒரு வேர்ட் கோப்பும் அட்டைப் படமும் பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருந்தால் யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம் என்று ஆனது. எங்களுக்கு அது பெரிய திறப்பு. அதற்கு முன்னால் மாத நாவல் போடுகிற பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டு, மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, கதையைக் கிட்டத்தட்ட மறந்துவிட வேண்டியதுதான். இங்கே உரிமை நம்மிடமே இருக்கிறது, விலையை நாமே வைக்கிறோம், ராத்திரி தூக்கம் வராவிட்டால் எழுந்து அட்டையைக்கூட மாற்றலாம்.

கணக்கு எப்படி என்று நிறையப் பேர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். விற்பனையில் 70 சதவீத ராயல்டி, 35 சதவீத ராயல்டி என்று இரண்டு வகை. இந்திய வாசகர் வாங்குவதில் 70 வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தை கே.டி.பி. செலக்ட் என்கிற திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது, நிறுத்தச் சொல்லாவிட்டால் அது தானாகவே அடுத்த 90 நாளைக்கு நீளும். தொடர் முடிந்த கையோடு "லிங்க் ஞாயித்துக்கிழமை வரைதான் இருக்கும், படிக்காதவங்க படிச்சுடுங்க" என்று நாங்கள் எல்லோரும் கத்துவதற்குக் காரணம் இதுதான். எங்கள் பந்தா ஒன்றும் கிடையாது. அந்தத் திட்டத்தில் இருக்கிற புத்தகத்தை மாதச் சந்தா கட்டியவர்கள் தனியாக வாங்காமலே படிக்கலாம், அவர்கள் படிக்கிற பக்கங்களுக்கு ஏற்ப நமக்குப் பணம் வரும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதத்துக்கு மாதம் மாறும், பைசாவில்தான் பேச வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடம் விட்டுப் பக்கத்தைக் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள், அவர்களே ஒரு சீரான அளவு வைத்துப் பக்கத்தை எண்ணுகிறார்கள். ஜனவரியில் படித்ததற்கு மார்ச் கடைசியில் பணம் வந்து சேரும்.

என்னைப் போன்றவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கக் கணக்கில்தான் வருகிறது. இங்கேதான் கதை ஊதத் தொடங்குகிறது. படிக்கிற பக்கத்துக்குக் காசு என்றால் 200 பக்கத்தில் சொல்ல வேண்டியதை எவர் 200 பக்கத்தில் சொல்வார்? ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் நடுவில் ஒரு தப்பெண்ணம் போதும் என்கிற இடத்தில் மூன்று வருகின்றன. வில்லிக்கு ஒரு பிளாஷ்பேக், வில்லியின் அம்மாவுக்கு ஒரு பிளாஷ்பேக். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிற காட்சி முழு அத்தியாயமாக நீள்கிறது, ஜவுளிக்கடையில் எந்த மாடியில் என்ன இருக்கிறது என்பது உள்பட. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அந்தப் புடவைக் கடை அத்தியாயம் எழுதியவள்தான், ரசித்தும் எழுதினேன். வாசகிகளுக்கு அது பிடிக்கவும் செய்தது. அந்தப் பக்கங்கள் வந்தது கதைக்குத் தேவைப்பட்டதாலா, கூலி அப்படி இருப்பதாலா என்று எழுதுகிறவளுக்கே கொஞ்ச நாளில் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடுகிறது. என்னைப் பயமுறுத்துகிற விஷயம் அது.

அப்புறம் அந்த வரைபடம். இன்று எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று தினமும் ஒரு கோடு காட்டும். காலையில் பல் தேய்க்கும் முன்னே அதைப் பார்க்கிற பழக்கம் எனக்கு மட்டும் இல்லை, கேட்ட எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பழைய நாவல் ஒன்று வாரக்கணக்காக வெறும் பூஜ்யமாகக் கிடக்கும், திடீரென்று ஒரு நாள் அந்தப் புத்தகத்தின் மொத்தப் பக்கம் எவ்வளவோ அவ்வளவும் அப்படியே ஏறியிருக்கும். யாரோ ஒருவர் ஒரே நாளில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒருவர்தானா இரண்டு பேரா என்று தெரியாது, ஊர் தெரியாது, பெயர் தெரியாது. அன்றைக்கு ஆபீஸில் யார் என்ன சொன்னாலும் கோபம் வராது. இன்னொரு நாள் நூற்றுச் சொச்சம் பக்கத்தோடு கோடு நின்றுவிடும், மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் விட்டார்கள் என்று அந்தத் தளம் சொல்வதில்லை. ஆனாலும் நாம் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன தப்பாக எழுதினோம் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நட்சத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. "ஹீரோ ரொம்ப நல்லவனா இருக்கான், போர்" என்று ஒரு நட்சத்திரம் கொடுத்தவரை நான் இன்னும் மறக்கவில்லை. முரட்டுக் கதாநாயகன், கன்னத்தில் அறைகிறவன், அப்புறம் திருந்துகிறவன், அதற்குத்தான் மவுசு என்று எனக்கும் தெரியும். அது மட்டும் என்னால் முடியாது. விற்கவில்லை என்றாலும் பரவாயில்லை.

திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் வெளியாகி ஒரு வாரம் ஆவதற்குள் ஏதோ ஒரு குழுவில் பிடிஎஃப்பாக வந்துவிடும். அட்டை, முன்னுரை, "இதை அனுமதியின்றிப் பகிரக் கூடாது" என்கிற வரி எல்லாம் சேர்த்தே வரும், அதையாவது எடுத்துவிட்டுப் போட்டிருக்கலாம். அதைவிடக் கொடுமை ஒலி நாவல்கள். ஒரு வீடியோ தளத்தில் என் நாவலை யாரோ இயந்திரக் குரலில் வாசிக்கவிட்டு, பின்னணிக்கு ஓர் இளம் ஜோடி படத்தையும் போட்டு, தலைப்பையும் மாற்றி ஏற்றியிருந்தார்கள். கண்டுபிடித்ததே ஒரு வாசகிதான், "சிஸ், இது நம்ம மாணிக்கம் சித்தப்பாதானே?" என்று இணைப்பு அனுப்பினார். புகார்ப் படிவம் நிரப்பி, இது என்னுடையதுதான் என்று நிரூபித்து, இறக்க வைத்தேன். அடுத்த மாதம் வேறு பெயரில் வந்தது.

சட்டம் நம் பக்கம்தான். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய நிமிடமே உரிமை நமக்கு வந்துவிடுகிறது, நம் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் வாரிசுகளுக்கு நீடிக்கும். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இல்லை, செய்தால் வழக்கு என்று வரும்போது சான்றாக உதவும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். ஆனால் ஐந்து ரூபாய் நஷ்டத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வக்கீல் வைக்க முடியுமா? முடியாது என்று எடுப்பவர்களுக்கும் தெரியும்.

இதில் என் மனம் ஒரு பக்கமாக நிற்பதில்லை. "பிடிஎஃப் இருக்கா சிஸ்?" என்று என்னிடமே வந்து கேட்கிறவர்கள் உண்டு, எழுதியவளிடமே. முதலில் சுர்ரென்று ஏறும். பேசிப் பார்த்தால் கையில் ஏ.டி.எம். கார்டே இல்லாத வீட்டுப் பெண்ணாக இருப்பார், வீட்டுக்காரரிடம் கேட்டு மாதச் சந்தா கட்ட முடியாது, கதை படிப்பதையே மறைத்துத்தான் செய்கிறார். அவரைத் திருடி என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதையே தொழிலாக வைத்துக் குழு நடத்தி, விளம்பரம் வாங்கிச் சம்பாதிக்கிற ஆள் வேறு, அவனைச் சொல்வேன், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, காகிதம்.

கிண்டிலில் தமிழுக்கு மின்னூல் மட்டும்தான், அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் நம் ஊர் வழியில்தான் போக வேண்டும். என் அப்பாவுக்கு போனில் இருப்பது புத்தகமே கிடையாது, "கையில குடு, பார்க்கலாம்" என்பார். அதனால் அச்சுக்குப் போனேன். போனதும் தெரிந்தது, இங்கே எல்லாம் பாரக் கணக்கு. பாரம் என்றால் ஒன்றாக அச்சடித்து மடிக்கிற ஒரு தாள், டெமி என்கிற புத்தக அளவில் ஒரு பாரம் 16 பக்கம். என் தறிக்கார நாவலைக் கிண்டில் கோப்பிலிருந்து அப்படியே ஓட்டிப் பார்த்தபோது 26 பாரம் வந்தது, 416 பக்கம். அச்சகக்காரர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்: "மேடம், பதினாறு பாரத்துல முடிச்சீங்கன்னா முந்நூறு ரூபா வெக்கலாமுங்க. இப்படியே போட்டா நானூத்தம்பதுக்குக் குறைஞ்சு கட்டாது. புது ரைட்டருக்கு நானூத்தம்பது குடுத்து யாருங்க வாங்குவாங்க?"

பத்துப் பாரம் குறைக்க வேண்டும். 160 பக்கம். நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும், ஆனால் வீட்டுக்கு வந்து வெட்ட உட்கார்ந்தால் கை தானாகப் போகிறது. வில்லியின் அம்மா பிளாஷ்பேக், போ. மூன்றாவது தப்பெண்ணம், போ. அத்தியாயக் கடைசியில் கதவு தட்டப்படுகிற இடங்களில் பாதியில் வந்து நின்றவர் பால்காரர், அதெல்லாம் எதற்கு? புடவைக் கடை நாலு வரியாக ஆனது. சித்தப்பா ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தாரே, அது ஒரே ராத்திரி ஆனது, அந்த ராத்திரி முன்னைவிட நன்றாக வந்தது. முடித்துவிட்டு முதலிலிருந்து படித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் எழுதியதில் நாவல் என்று சொல்லத்தக்கது இந்த 256 பக்கம்தான்.

தமிழில் சொந்தமாக வெளியிடுகிறவர்களுக்கு இல்லாத பெரிய விஷயம் எடிட்டர்தான். மெய்ப்புப் பார்க்க ஆள் கிடைக்கிறார்கள், நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் பணம் கொடுத்துத்தான் பார்க்கிறேன், ஒரு ஒற்று தப்பினாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார். ஆனால் "இந்தப் பதினாலாம் அத்தியாயமே வேண்டாம் கண்ணு" என்று சொல்வது அவர் வேலை இல்லை. அதைச் சொல்கிற ஆளை எங்கே தேடுவது, என்ன சம்பளம் கொடுப்பது? பெரிய பதிப்பகங்களிலேயே அப்படிப்பட்டவர்கள் குறைவு. எனக்கு அந்த வேலையைச் செய்தது காகித விலை. பாரத்துக்குப் பாரம் காசு ஏறும் என்ற பயம் வந்த பிறகுதான் கதைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால் நன்றாக வந்த இந்த வடிவம்தான் எனக்கு ஒன்றும் தருவதில்லை. கணக்கு இதோ. விலை 300. கடைக்கு 40 சதவீதம், ஆகவே 120 போனது. மீதி 180. நூறு பிரதி டிஜிட்டலில் அடித்தால் ஒன்றின் அடக்கவிலை 140 வருகிறது. கையில் நிற்பது 40. அட்டை வரைந்தவருக்கும், மெய்ப்பு பார்த்த டீச்சருக்கும், கடைக்குக் கட்டு அனுப்புகிற பார்சலுக்கும் அந்த நாற்பதிலிருந்துதான். விற்காமல் முனை மடங்கித் திரும்பி வருகிற பிரதிகளைச் சேர்க்கவே இல்லை. ஆப்செட்டில் ஆயிரம் அடித்தால் அடக்கவிலை நன்றாகக் குறையும், ஆனால் ஆயிரம் பிரதியை வைக்க எங்கள் வீட்டில் அறை இல்லை, வாங்க ஆளும் இல்லை.

இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் பாரதியை நினைத்துக்கொள்வேன். 1920-இல் கடையத்திலிருந்து அவர் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்றுத் தள்ளப் போவதாகத் திட்டம், அதற்குக் கடன் கேட்டார். பணம் வரவில்லை, அடுத்த வருடம் செப்டம்பரில் அவரே போய்விட்டார். மொத்தம் நாலு லட்சம் பிரதி! மனுஷனுக்கு என்ன தைரியம்.

அச்சுப் பக்கம் வருகிற புதியவர்களுக்கு இரண்டு சமாச்சாரம். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை டெல்லியில் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதேபோல், எழுத்தாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு "பேக்கேஜ்" போட்டுப் புத்தகம் வெளியிடுகிற நிறுவனங்கள். சில நேர்மையானவை, சிலவற்றுக்கு உங்களிடம் வாங்கிய தொகையோடு லாபம் முடிந்துவிடுகிறது, அதற்குமேல் ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. கையெழுத்துப் போடும் முன் உரிமை யாரிடம் இருக்கும், மிச்சப் பிரதிகள் யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

எழுத்துருத் தொல்லையும் ஒன்று. 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடு என்கிற பொது எழுத்துக் குறியீட்டை ஏற்று ஆணை போட்டுவிட்டது, ஆனாலும் பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுவேன் என்கிற டிடிபிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாற்றும்போது எங்காவது ஒரு கொம்பு, ஒரு கால் காணாமல் போகும், ஸ்ரீ என்பது கட்டமாக வந்து உட்காரும். மாற்றிய பிறகு ஒரு தடவை மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள்.

தபால் இன்னொரு தலைவலியாக இருந்தது. தனிப் பிரதி கேட்கிறவர்களுக்குப் பதிவுப் புத்தகத் தபால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வழியாக இருந்தது, 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். கூரியரில் அனுப்பினால் முந்நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு அனுப்புகிற கட்டணமே தனிச் செலவாகிவிடும். 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். கல்வி, சமூக, பண்பாட்டு, சமயப் புத்தகங்களுக்கான சலுகை அது, உள்ளே வணிக விளம்பரம் இருக்கக் கூடாது. மாமியார் மருமகள் சண்டை சமூகத்தில் வருமா பண்பாட்டில் வருமா என்பதை கவுன்டரில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புத்தகக் கண்காட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜனவரியில் சென்னை நந்தனம், ஆகஸ்டில் எங்கள் ஈரோடு. தனி ஆளாகக் கடை எடுப்பது கையைக் கடிக்கும், அதனால் தெரிந்த பதிப்பாளர் ஒருவர் அரங்கில் ஓர் ஓரமாக வைக்கக் கொடுத்துவிட்டு, வாசகர் மாதிரி நானும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன். யாராவது நம் புத்தகத்தைக் கையில் எடுத்து, பின்னட்டையைப் படித்து, விலையைப் பார்த்து, திரும்பத் தலைகீழாக வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கும் அனுபவம் இருக்கிறதே, ஒரு நட்சத்திர விமர்சனம் எல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நேராக்கி வைத்துவிட்டு மறுபடி நிற்பேன். ஒரு தடவை, கல்லூரிப் பெண் ஒருத்தி அட்டையைப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, சித்தப்பா கதை, புக்கா வந்திருக்கு" என்றாள். அம்மாவும் பெண்ணும் ஒரே போனில் மாற்றி மாற்றி யூடி படித்தவர்களாம். நான்தான் எழுதியது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, கடைப் பையன் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

அதே அரங்கில், குடும்ப நாவல் என்றதும் முகத்தைச் சுளிக்கிற இலக்கியவாதிகளும் வருவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. 160 பக்கம் வெட்டியவளுக்குத் தெரியாதா? ஆனால் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தானே எடுத்து, அதில் தன் நாவல்களைத் தொடராகப் போட்டு, நூற்றுக்கு மேல் எழுதித் தள்ளினாரே, அவரையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண், சொந்தப் பத்திரிகை. எங்கள் பரம்பரை அங்கேயிருந்து வருகிறது என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது புது நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பவானி ஜமக்காளம் விற்கிற ஒரு விதவையைப் பற்றியது. இந்தத் தடவை முறையை மாற்றிப் பார்க்கிறேன். முதலில் 15 பாரத்துக்குள் முழுசாக எழுதி முடித்துவிடுவது, அச்சுக்கு அனுப்புவது, அப்புறம்தான் அதே வடிவத்தில் தொடராகவும் கிண்டிலிலும் போடுவது, ஒரு வரிகூடச் சேர்க்காமல். பக்கக் கணக்கில் நஷ்டம்தான், எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன், ஸ்கூட்டி பெட்ரோல் அடிபடும். எழுதுகிற சிநேகிதி ஒருத்தி "உனக்கென்ன கிறுக்கா, வர்ற காசை ஏண்டி வேணாங்கறே" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான், அவளுக்கு இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இதில்தான் போகிறது, எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. ஆகஸ்டுக்குள் அச்சுப் பிரதி வந்துவிடும் என்று அச்சகக்காரர் சொல்லியிருக்கிறார், அவர் சொல்லுக்கு ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் எத்தனை அடிப்பது என்று எனக்கு ஒரு கணக்கு கிடைக்கும். புடவைக் கடை அத்தியாயம் இதில் கிடையாது, ஏன் இல்லை என்று கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம்.